கன்னிமாரா: அண்ணா சாலையின் மூத்த ஹோட்டல்

சென்னை அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசாவுக்கு அருகே, பின்னி சாலையில் நிற்கும் வெள்ளைக் கட்டடம் கன்னிமாரா ஹோட்டல். 1854ல் ‘இம்பீரியல்’ என்ற பெயரில் தொடங்கி, 1886ல் ‘ஆல்பனி’யாக மாறி, 1890ல் ‘கன்னிமாரா’ ஆனது. கொழும்பின் கால்ஃபேஸ் ஹோட்டல் 1864லும், சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் 1887லும், மும்பையின் தாஜ்மகால் ஹோட்டல் 1903லும் திறக்கப்பட்டவை. அந்த மூன்றுக்கும் மூத்தது சென்னையின் ஹோட்டல். பெயரை வைத்து இதை வெள்ளைக்காரர் உருவாக்கிய நிறுவனம் என்றே பலரும் நினைக்கிறார்கள். தொடங்கியவர் ஒரு தமிழ் வணிகர். முதல் முப்பத்தாறு ஆண்டுகள் இதை நடத்தியவர்களும் தமிழர்களே. ஹோட்டலின் வரலாற்றைச் சொல்லும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

ஹோட்டல் நிற்கும் நிலம் அதற்கு முன்பு ஜான் பின்னியுடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆற்காட்டு நவாபின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர் அவர். வந்த சில ஆண்டுகளிலேயே மருத்துவத்தை விட்டு வணிகத்துக்குப் போனார். அவர் பெயரில் வளர்ந்த பின்னி நிறுவனம், பிற்காலத்தில் பெரம்பூரில் பக்கிங்காம் மில்லையும் கர்நாடிக் மில்லையும் நிறுவியது. பக்கிங்காம் மில் 1876ல் தொடங்கப்பட்டது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது அது. 1920ல் இரண்டு மில்களும் ஒன்றாகி ‘பி அண்ட் சி மில்’ ஆயின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டே அமைந்தது. நூற்பும் நெசவும் பின்னலும் சோறு போடும் திருப்பூர், அவிநாசி பக்கத்து வாசகருக்கு இந்தத் தொடர்பு முக்கியம். தமிழகத்தின் பெரிய பஞ்சாலை ஒன்றுக்குப் பெயர் தந்தவரின் மனைதான் தமிழகத்தின் முதல் பெரிய ஹோட்டலுக்கும் மனையானது. இன்றும் அந்தத் தெருவுக்குப் பெயர் பின்னி சாலை.

ஹோட்டல் என்ற தொழிலுக்கு அன்றைய தமிழ்நாட்டில் தேவை மிகக் குறைவு. யாத்திரை போனவர்களுக்கும் வண்டிப்பாதை வணிகர்களுக்கும் சத்திரங்கள் இருந்தன. தர்மத்துக்குக் கட்டியவை ஆதலால் அங்கே தங்குவதற்குக் காசு கேட்கும் வழக்கம் இல்லை. சேலத்திலிருந்து கோவைக்கு மாட்டுவண்டியில் வந்தவர் அவிநாசியில் இறங்கினால் தேர்வீதியைச் சுற்றித் திண்ணையோ சத்திரமோ கிடைக்கும். அவரவர் சாதிக்கு ஏற்ற இடத்தில்தான் கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் நண்பர் வீடுகளில் தங்கினார்கள், அல்லது கிளப்புகளில் தங்கினார்கள். 1832ல் தோன்றிய மெட்ராஸ் கிளப் அத்தகைய இடம். அங்கே உறுப்பினரும் அவருடைய விருந்தினரும் மட்டுமே நுழையலாம். நகரில் யாரையும் தெரியாமல் கையில் காசோடு வந்து இறங்குபவருக்குக் கண்ணியமான தங்குமிடம் இல்லை. கடற்கரையை ஒட்டியிருந்த மதுக்கடைகளின் மாடி அறைகள்தான் மிச்சம்.

வந்து இறங்குவதே அன்று ஒரு சோதனை. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகில் ஏறி, அலையில் நனைந்து, கடைசியில் படகோட்டிகளின் தோளில் ஏறிக் கரைக்கு வர வேண்டும். 1861ல்தான் கடலுக்குள் நீளும் இறங்குதுறை கட்டி முடிந்தது. துறைமுக வேலை 1875ல் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மறுபடி கட்டப்பட்டது. இப்படி வருகிறவருக்குக் காய்ந்த படுக்கையும் சூடான தண்ணீரும் சோறும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் அவர் என்ன விலையும் கொடுப்பார். இதைக் கணித்தவர் திருவல்லிக்கேணி ரத்தினவேலு முதலியார். 1854ல் அவர் இம்பீரியல் ஹோட்டலைத் திறந்தார்.

காலம் அவருக்குத் துணை நின்றது. 1856ல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தண்டவாளம் மேற்கே நகர்ந்து சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாக 1862ல் போத்தனூரை எட்டியது. பழைய பெருவழியில் இருந்த அவிநாசியைத் தொடாமல் ரயில் திருப்பூர் வழியாகப் போனது. திருப்பூர் சந்தை ஊராகவும் பிறகு பின்னலாடை நகரமாகவும் வளர்ந்ததற்கு அந்தப் பாதையும் ஒரு காரணம். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இங்கிலாந்திலிருந்து வரும் பயணம் பல வாரங்கள் குறைந்தது. தோட்ட முதலாளிகள், என்ஜினியர்கள், மில்லுக்கு இயந்திரம் விற்க வந்தவர்கள், வழக்குக்கு வந்த ஜமீன்தார்கள் என நகருக்கு வருவோர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது.

அன்றைய சொகுசு என்பது என்ன என்று இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். மின்சாரம் இல்லை. உத்தரத்தில் தொங்கும் துணி விசிறியை வெளியே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் கயிறு கட்டி இரவெல்லாம் இழுக்க வேண்டும். செங்குன்றம் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் 1872ல்தான் நகருக்கு வந்தது. அதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை ஆட்கள் தூக்கி வந்து தொட்டியில் நிரப்பினார்கள். குளிர்பானத்துக்கு வேண்டிய ஐஸ்கட்டி அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலில் வந்தது. அதைச் சேமிக்க 1842ல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கிய, இன்றைய விவேகானந்தர் இல்லம். ஒரு விருந்தினரின் சௌகரியத்துக்குப் பின்னால் பல பேரின் உடலுழைப்பு இருந்தது. அந்த உழைப்பாளிகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அன்றைய சென்னையில் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைகளில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த தமிழர்கள். மாட்டிறைச்சியைத் தொட மற்றவர்கள் மறுத்த இடத்தில் அவர்கள் ஐரோப்பியச் சமையலைக் கற்றுத் தேர்ந்து, மதராஸ் பட்லர் என்ற பெயருக்கு இந்தியா முழுவதும் மதிப்பு தேடித் தந்தார்கள். நம்முடைய மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயரின் சூப் ஆனதும் இவர்கள் கைவண்ணத்தில்தான்.

1886ல் ஹோட்டல் வேறு இரு முதலியார் சகோதரர்களின் குத்தகைக்குப் போனது. அவர்கள் அதற்கு ஆல்பனி என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், பின்னர் கன்னிமாரா பிரபு ஆன ராபர்ட் பர்க் சென்னை மாகாண ஆளுநராகப் பதவியேற்றார். அயர்லாந்தில் கன்னிமாரா என்ற பகுதியின் பெயரைத் தன் பட்டமாகக் கொண்டவர் அவர். அவருடைய மனைவி சூசன், முன்னாள் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் மகள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சூசன் ஆளுநர் மாளிகையை விட்டு வெளியேறி ஆல்பனி ஹோட்டலில் தங்கினார் என்பது சென்னையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1890ல் லண்டனில் அவருக்கு விவாகரத்து கிடைத்தது. அந்த ஆண்டே ஆளுநரும் பதவி விலகி ஊர் திரும்பினார். விக்டோரியா ராணி காலத்தில், ஒரு பெண் ஆளுநரான கணவர் மீது வழக்குத் தொடுத்து வெல்வது சாதாரண விஷயம் அல்ல. ஹோட்டலின் ஓர் அரங்கு இன்று வரை ‘லேடி கன்னிமாரா’ என்று அவரை நினைவூட்டும் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஆளுநர் விடைபெற்ற 1890ல்தான் ஹோட்டலுக்குக் கன்னிமாரா என்ற பெயர் வந்தது. எழும்பூர் நூலகத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியதும் அதே ஆண்டு. அந்த நூலகம் 1896 டிசம்பரில் திறக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. நான்கு ஆண்டு மட்டும் ஆண்ட ஒருவரின் பெயர் நகரின் ஒரு பெரிய நூலகத்துக்கும் ஒரு பெரிய ஹோட்டலுக்கும் நிலைத்துவிட்டது. ஹோட்டலை உருவாக்கிய ரத்தினவேலு முதலியாரின் பெயரை அறிந்தவர்கள் வரலாற்று ஆர்வலர்கள் மட்டுமே. இது நியாயமான கணக்கு அல்ல.

1891ல் ஹோட்டலை யூஜின் ஓக்‌ஷாட் வாங்கினார். 1863ல் டுரண்ட், ஸ்பென்சர் என்ற இருவர் மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலையில்) தொடங்கிய சிறு கடை 1882ல் இவர் கைக்கு வந்திருந்தது. ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே அவர் எழுப்பிய ஸ்பென்சர் கட்டடம் 1895ல் முடிந்தது. செங்கல்லும் கூம்பு மாடங்களுமாக, இந்தோ சாரசெனிக் பாணியில் போக்சன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. ஆசியாவின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஒன்றாக அது பெயர் பெற்றது. திண்டுக்கல் சுருட்டு, சோடா, மருந்து, துப்பாக்கி, துணி என்று அங்கே விற்காத சரக்கு குறைவு.

ஓக்‌ஷாட்டின் கணக்கு எளிமையானது, கெட்டிக்காரத்தனமானதும்கூட. ஹோட்டலுக்கு வேண்டிய பண்டம் எல்லாம் சொந்தக் கடையிலிருந்து போகும். ஹோட்டலில் தங்கியவர் கடைக்குப் பொருள் வாங்க வருவார். பிற்காலத்தில் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளையும் ஸ்பென்சர் நிறுவனம் நடத்தியது. பெங்களூரு வெஸ்ட் எண்ட், ஊட்டி சவாய் ஆகிய ஹோட்டல்களும் அதன் வசம் வந்தன. துறைமுகத்தில் இறங்கும் பயணி ரயிலில் சாப்பிட்டு, சென்னையில் தங்கி, கோடையில் ஊட்டிக்கு ஏறும் வரை ஒரே நிறுவனத்தின் கணக்கில் இருந்தார். கன்னிமாரா நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றதற்குப் பெரிய காரணம் இதுதான். தனி ஹோட்டலாக இருந்திருந்தால் ஒரு மோசமான பத்தாண்டில் அது மூடப்பட்டிருக்கும்.

அப்படி மறைந்த ஹோட்டல்கள் அதே சாலையில் இருந்தன. அவற்றில் புகழ் பெற்றது டி ஆஞ்ஜலிஸ் ஹோட்டல். கார்சிகா தீவைச் சேர்ந்த ஜாக்கோமோ டி ஆஞ்ஜலிஸ் மிட்டாய்க்கடையில் தொடங்கி ஹோட்டல் வரை வளர்ந்தவர். சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியோடு ஒரு விமானத்தைக் கட்டி, 1910ல் சென்னை மக்கள் பார்க்கப் பறந்து காட்டினார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகூட ஆகாத நேரம். பிறகு அந்த ஹோட்டல் பொசோட்டோ என்ற பெயரில் நடந்து, பின் நலிந்து போனது. திறமையும் துணிச்சலும் அங்கே குறைவில்லை. பின்னால் தாங்கிப் பிடிக்கப் பெரிய கடை ஒன்று இல்லை.

இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1930களில் எழுந்தது. ஸ்பென்சர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் ஸ்டிவனின் முயற்சியில் 1934ல் வேலை தொடங்கி, 1937ல் புதிய கன்னிமாரா திறக்கப்பட்டது. பழைய பங்களா பாணியை விட்டு, அப்போது உலகெங்கும் பரவிய ஆர்ட் டெகோ பாணியில் அதைக் கட்டினார்கள். நேர்கோடுகள், வளைந்த மூலைகள், அடுக்கடுக்காக உள்வாங்கும் முகப்பு, அலங்காரத்தைக் குறைத்த தெளிவு ஆகியவை அந்தப் பாணியின் அடையாளங்கள். பாரிமுனையில் பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸும் ஏறக்குறைய அதே காலத்தது, அதே பாணியினது. சிமெண்ட் கான்கிரீட்டும் மின்விளக்கும் மின்விசிறியும் வந்த பிறகு பழைய உயரக் கூரைகளுக்கும் அகல வராந்தாக்களுக்கும் தேவை குறைந்தது. வெயிலையும் மழையையும் மனத்தில் வைத்துக் கட்டிய வராந்தாவைக் கன்னிமாரா முற்றிலும் கைவிடவில்லை. அதன் உணவகத்துக்கு இன்றும் ‘வெராண்டா’ என்றே பெயர்.

புதுக் கட்டடம் திறந்த பத்தே ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. வெள்ளைக்கார வாடிக்கையாளர் கப்பலேறினார்கள். 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அனுமதிச்சீட்டு உள்ளவர்கள் மட்டுமே குடிக்கலாம் என்றானதும் பெரிய ஹோட்டல்களின் வருமானத்தில் கணிசமான பகுதி அடிபட்டது. அதே காலத்தில் வேறொரு வகைப் பெரிய ஹோட்டல் நகரில் வேரூன்றியது. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையலறை வேலையில் தொடங்கிய கிருஷ்ணா ராவ், 1938ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் மாளிகையை எடுத்து உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். 1952ல் நியூ உட்லண்ட்ஸும் 1962ல் கார்களிலேயே உட்கார்ந்து சாப்பிடும் டிரைவ் இன்னும் வந்தன. பூந்தமல்லி சாலையில் தாசபிரகாஷ் 1954ல் திறந்தது. குடும்பத்தோடு தங்கலாம், கல்யாணம் நடத்தலாம், சைவச் சாப்பாடு, மது கிடையாது. கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வழக்குக்கோ வைத்தியத்துக்கோ சென்னைக்குப் போன வசதியான குடும்பங்களுக்கு இந்த ஹோட்டல்கள்தான் ஏற்றவை. நகரத்து விருந்தோம்பலின் வரலாற்றில் கன்னிமாராவுக்கு இணையான இடம் இவற்றுக்கு உண்டு. கன்னிமாரா வெளியூர்க்காரரை வரவேற்றது. உட்லண்ட்ஸ் தமிழ்நாட்டுக் குடும்பங்களை முதன்முறையாகப் பெரிய ஹோட்டலுக்குள் அழைத்து வந்தது.

1970களில் போட்டி இன்னும் கூடியது. 1974ல் தாஜ் கோரமண்டலும் 1975ல் சோழா ஹோட்டலும் திறந்தன. ஐடிசி நிறுவனத்தின் ஹோட்டல் தொழிலே சோழாவில்தான் தொடங்கியது. இந்த நேரத்தில் கன்னிமாராவை விரிவாக்கும் பொறுப்பு இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்கு வந்தது. அப்போது இலங்கையில் பொருளாதார நெருக்கடி. கட்டுமானப் பொருளுக்கும் அந்நியச் செலாவணிக்கும் கடும் தட்டுப்பாடு. பாவா கடல் கடந்து தமிழ்நாட்டில் வேலை தேடினார். மதுரையில் ஒரு கிளப்பையும் சென்னையில் கன்னிமாராவின் புதுப் பகுதியையும் வடிவமைத்தார். அவருடைய நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். பின்னாளில் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் இலங்கை நாடாளுமன்றத்தைக் கட்டி உலகப் புகழ் பெற்ற பாவா, கட்டடத்துக்குள் மரத்தையும் தண்ணீரையும் வானத்தையும் கொண்டுவருவதில் வல்லவர். கன்னிமாராவில் நீச்சல் குளத்தையும் முற்றத்தையும் நடுவில் வைத்து அறைகளை அமைத்தார். பழைய மரச் செதுக்கல்களையும் சிற்பங்களையும் உள்ளே பதித்தார். ஆர்ட் டெகோ முகப்பைச் சிதைக்காமல், அதன் முதுகில் வேறொரு காலத்தைச் சேர்த்த இந்த வேலை தமிழ்நாட்டின் நவீனக் கட்டடக் கலையில் சிறந்தவற்றில் ஒன்று. இதைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

1983ல் பக்கத்து ஸ்பென்சர் கட்டடம் தீயில் அழிந்தது. நூறு ஆண்டை நெருங்கிய அந்த அங்காடி இருந்த இடத்தில்தான் பிறகு இன்றைய ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. அடுத்த ஆண்டு, 1984ல், கன்னிமாராவை நடத்தும் பொறுப்பைத் தாஜ் குழுமம் ஏற்றது. வெஸ்ட் எண்டும் சவாயும் அதே குழுமத்தின் கைக்குப் போயின. தாஜ் காலத்தில் கன்னிமாரா செய்த நல்ல காரியம் ரெயின் ட்ரீ உணவகம். முற்றத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் செட்டிநாட்டுச் சமையலை அது பரிமாறியது. அதுவரை நட்சத்திர ஹோட்டல் என்றால் கான்டினென்டல், முகலாய், சைனீஸ்தான் சமையல். காரைக்குடி ஆச்சிகளின் கைப்பக்குவம் வெள்ளை விரிப்பு போட்ட மேசைக்கு ஏறியதில் இந்த உணவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரிய ஹோட்டலின் அன்றாடம் பற்றி நெசவு மண்டல வாசகருக்கு ஒரு விவரம். அறைக்கு ஒரு படுக்கை என்றாலும் அதற்கு மூன்று ஜோடி விரிப்புகளாவது வேண்டும் என்பது ஹோட்டல் தொழிலின் வழக்கமான கணக்கு. ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று இருப்பில். துண்டு, தலையணை உறை, மேசைத்துணி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கொதிநீரிலும் சலவை மருந்திலும் நாள்தோறும் அடிபடுவதால் சில ஆண்டுகளில் எல்லாம் நைந்து போகும், மறுபடி வாங்க வேண்டும். நூற்றைம்பது அறை கொண்ட ஹோட்டல் ஒன்று எவ்வளவு துணியைத் தின்னும் என்று கரூரிலும் சென்னிமலையிலும் தறி ஓட்டுகிறவர்கள் எளிதில் கணக்குப் போட்டுவிடுவார்கள். விருந்தினர் கண்ணுக்கு முதலில் படுவது விளக்கும் படிக்கட்டும். திரும்ப வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வது படுக்கை விரிப்பை வைத்துத்தான்.

2016ல் கன்னிமாரா மூடப்பட்டு முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. 2018ல் தாஜ் கன்னிமாரா என்ற பெயரில் மறுபடி திறந்தது. 1930களின் முகப்பையும் பாவாவின் முற்றத்தையும் காப்பாற்றிய வகையில் அது நல்ல வேலை. மவுண்ட் ரோட்டின் பழைய கட்டடங்கள் பல இடிந்தும் எரிந்தும் போன பிறகு, இது தொழில் நடக்கும் இடமாகவே தப்பியது. விலைக்கு விற்றால் பெரும் தொகை தரும் நிலத்தில், பழைய கட்டடத்தை அப்படியே வைத்துச் சம்பாதிக்க முடியும் என்று இந்த ஹோட்டல் நிரூபித்திருக்கிறது. கோவையிலும் திருப்பூரிலும் பழைய மில் கட்டடங்களையும் பங்களாக்களையும் வைத்திருப்பவர்கள், இடிப்பதற்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் ஒரு முறை பின்னி சாலைக்குப் போய் இந்தக் கட்டடத்தைப் பார்த்து வர வேண்டும்.